டொர்னாடோ எச்சரிக்கை நாள்: வாட்ச், வார்னிங், இரண்டுக்கும் நடுவே காத்திருப்பு

டல்லாஸ், ஓக்லஹோமா சிட்டி, நாஷ்வில், பர்மிங்ஹாம் என்று அமெரிக்காவின் நடுவிலும் தெற்கிலும் இருக்கும் ஊர்களுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிற நம்மவர்கள், முதல் வசந்த காலத்தில் ஒரு நாள் திணறிப்போவார்கள். காலையிலேயே பள்ளியிலிருந்து தகவல் வரும்: இன்று மதியத்தோடு வகுப்பு முடிகிறது. அலுவலகத்தில் சீக்கிரம் கிளம்பச் சொல்வார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் நல்ல வெயில். மூன்று மணிக்கு டிவியில் 'டொர்னாடோ வாட்ச்' என்பார்கள். டொர்னாடோ என்றால் இடிமேகத்திலிருந்து தரை வரை இறங்கும் சுழல்காற்று. ஆறு மணிக்குக் கையிலிருக்கும் போன் காதைப் பிளக்கும்: 'டொர்னாடோ வார்னிங்'. இதில் எதற்குப் பதற வேண்டும், எதற்குச் சமையலைத் தொடரலாம் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நமக்குப் புயல் புதிதல்ல. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, அதற்குப் பெயர் வைத்து, கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று நாள்கணக்கில் செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அனுபவமே இங்கே காலை வாரிவிடும். புயலின் அகலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கரையைக் கடக்கும் இடத்தை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். டொர்னாடோவின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான். பெரும்பாலானவை பத்து நிமிடம்கூடத் தரையில் நீடிப்பதில்லை. ஒரு தெருவில் வீடுகள் அடித்தளம் மட்டும் மிஞ்சிக் கிடக்கும். அடுத்த தெருவில் குப்பைத்தொட்டிகூடச் சாய்ந்திருக்காது. எந்தத் தெரு என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது. இன்று இந்தப் பகுதியில் வரக்கூடும் என்று மட்டுமே சொல்ல முடியும். அதனால்தான் இந்த நாள் முழுக்கக் காத்திருப்பாகவே போகிறது.

இது ஏன் இங்கே இவ்வளவு அதிகம்

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன. காரணம் நில அமைப்பு. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து சூடான, ஈரமான காற்று வருகிறது. மேற்கே மலைகளையும் பாலைநிலங்களையும் தாண்டி வறண்ட காற்று வருகிறது. அதற்கும் மேலே, பல கிலோமீட்டர் உயரத்தில், குளிர்ந்த காற்று வேகமாக ஓடுகிறது. இவை மூன்றும் தடுக்க ஆளில்லாத சமவெளியில் சந்திக்கின்றன.

கீழே உள்ள ஈரக்காற்று லேசானது, மேலே ஏறத் துடிக்கும். இது மட்டும் இருந்தால் இடி மழையோடு முடிந்துவிடும். டொர்னாடோவுக்கு இன்னொன்றும் வேண்டும்: உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறிக்கொண்டே போக வேண்டும். தரையருகே மெதுவான காற்று, மேலே வேகமான காற்று என்றால் நடுவில் இருக்கும் காற்று சப்பாத்திக் கட்டை உருளுவதுபோலப் படுத்த வாக்கில் உருள ஆரம்பிக்கும். மேலே எழும் சூடான காற்று அதன் ஒரு முனையைத் தூக்கி நிமிர்த்திவிட்டால், இடிமேகமே மொத்தமாகச் சுழலத் தொடங்கும். இப்படிச் சுழலும் மேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர். எல்லா சூப்பர்செல்லும் டொர்னாடோவை இறக்குவதில்லை, இறக்காதவைதான் அதிகம். எது இறக்கும், எது இறக்காது என்பதை இன்றுவரை உறுதியாக முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இந்த நாளின் குழப்பம் முழுவதும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

காலை: ஐந்து படிகள்

ஒரு காலத்தில் அமெரிக்க வானிலைத் துறை தன் முன்னறிவிப்புகளில் டொர்னாடோ என்ற சொல்லையே எழுத விடவில்லை. மக்கள் பீதியடைவார்கள் என்பது காரணம். 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப் படைத் தளத்தை ஒரு டொர்னாடோ தாக்கி விமானங்களை நொறுக்கியது. அங்கிருந்த இரண்டு ராணுவ வானிலை அதிகாரிகள், எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர், அன்றைய காற்றின் நிலையை அலசிப் பார்த்தார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, வானிலை வரைபடம் கிட்டத்தட்ட அதே மாதிரி வந்து நின்றது. தளத்துக்கு டொர்னாடோ எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று மாலை அதே தளத்தை இன்னொரு டொர்னாடோ தாக்கியது. விமானங்களை முன்கூட்டியே பத்திரப்படுத்த நேரம் கிடைத்திருந்தது. டொர்னாடோவையும் முன்னறிவிக்க முடியும் என்ற நம்பிக்கை அங்கேதான் தொடங்கியது.

இன்று அந்தப் பணியைச் செய்வது ஓக்லஹோமா மாநிலம் நார்மனில் இருக்கும் தேசியப் புயல் கணிப்பு மையம். எட்டு நாள் முன்பிருந்தே நாட்டின் வரைபடத்தில் ஆபத்துப் பகுதிகளை வண்ணம் தீட்டிக் காட்டுவார்கள். நெருங்க நெருங்க வரைபடம் துல்லியமாகும். அன்றைய நாளுக்கானதை ஒரே நாளில் பலமுறை திருத்துவார்கள். ஐந்து படிகள்: கரும்பச்சை 1, மஞ்சள் 2, ஆரஞ்சு 3, சிவப்பு 4, மெஜந்தா 5. ஐந்தாம் படி ஆண்டில் ஒரு சில நாட்களே வரும், சில ஆண்டுகளில் வராமலும் போகும்.

புதியவர்கள் இதில் இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். ஒன்று, படி 2 என்றால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது. படி 2 நாட்களிலும் வீடுகளைத் தரைமட்டமாக்கிய டொர்னாடோக்கள் வந்திருக்கின்றன. இன்னொன்று, சதவீதம். '10 சதவீத டொர்னாடோ வாய்ப்பு' என்று பார்த்தால் 90 சதவீதம் வராது என்றுதான் மனம் சொல்லும். அந்த 10 சதவீதம், நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு டொர்னாடோ வருவதற்கான வாய்ப்பு. சாதாரண நாளில் இந்த எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அதோடு ஒப்பிட்டால் 10 மிகப் பெரிய எண்.

காலையில் செய்ய வேண்டிய வேலை சின்னதுதான். இன்று நம் ஊர் எந்தப் படியில் இருக்கிறது, மழை எத்தனை மணிக்கு வரலாம், அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவரும் எங்கே இருப்பார்கள். இந்த மூன்றையும் காலைக் காபிக்குள் பேசிவிடலாம். மாலை ஆறு மணிக்குப் பிள்ளை நீச்சல் வகுப்பில் இருப்பான் என்றால் அன்று வகுப்பு வேண்டாம். டொர்னாடோக்கள் எந்த நேரத்திலும் வரும். ஆனால் பெரும்பகுதி மாலை 4 மணியிலிருந்து 9 மணிக்குள்தான் வருகின்றன. அலுவலகத்திலிருந்து நாம் வீடு திரும்பும் நேரமும் அதுவே.

மதியம்: வாட்ச்

டொர்னாடோவுக்கு வேண்டிய எல்லாம் கூடி வந்துவிட்டன, அடுத்த சில மணி நேரத்தில் எங்காவது இறங்கலாம் என்றால் நார்மன் மையம் வாட்ச் கொடுக்கும். பாதி மாநிலம் அளவுக்குப் பரந்த பகுதிக்கு, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை அது நீடிக்கும். வாட்ச் வந்தால் ஒளிய வேண்டியதில்லை. ஒளிய வேண்டி வந்தால் ஒரு நிமிடத்தில் முடியும்படி வீட்டைத் தயார் செய்து வைப்பதற்கான நேரம் அது.

தயார் செய்வது என்றால் என்ன? டெக்சாஸ், ஓக்லஹோமா, அலபாமா வீடுகள் பலவற்றில் பேஸ்மென்ட் கிடையாது. அப்படியானால் தரைத்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத, ஜன்னல் இல்லாத, சின்ன அறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே உள்ள க்ளாஸெட். அங்கேதான் இருபது பவுண்டு அரிசி மூட்டை, வாக்குவம் க்ளீனர், பெட்டிகள், கொலு பொம்மை அட்டைப்பெட்டிகள் எல்லாம் கூரை வரை அடுக்கியிருக்கும். போன் அலறிய பிறகு அதையெல்லாம் வெளியே இழுக்க முடியாது. வாட்ச் வந்ததும் இழுத்துப் போடுங்கள். நான்கு பேர் உட்கார்ந்து கதவைச் சாத்திப் பாருங்கள். சாத்த முடிகிறதா என்பதை அப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே வைக்க வேண்டியவை: எல்லோருக்கும் காலணி, அதுவும் செருப்பு அல்ல, மூடிய ஷூ. வெளியே வரும்போது தரையெங்கும் கண்ணாடியும் ஆணியுமாக இருக்கும். தினமும் சாப்பிடும் மாத்திரைகள், மூக்குக் கண்ணாடி, டார்ச் லைட், தண்ணீர், சார்ஜ் ஏற்றிய போன், பாஸ்போர்ட்டும் விசா தாள்களும் இருக்கும் பை. அப்புறம் ஹெல்மெட். பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட் போதும், கிரிக்கெட் ஹெல்மெட் இருந்தால் இன்னும் நல்லது. 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவின் ஜெஃபர்சன் கவுண்டியில் (கவுண்டி நம்மூர் மாவட்டம் மாதிரி) இறந்த 21 பேரில் குறைந்தது 11 பேர் தலையிலோ கழுத்திலோ பட்ட காயத்தால் இறந்தார்கள். அதன் பிறகுதான் பர்மிங்ஹாமில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெல்மெட்டை வலியுறுத்த ஆரம்பித்தார்கள். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ஹெல்மெட்டை எடுத்து வையுங்கள்.

அந்த 2011 ஏப்ரல் 27 பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காத்திருக்கும் நாளில் எங்கே ஏமாறுவோம் என்பதை அந்த நாள் அளவுக்குக் காட்டிக்கொடுத்த நாள் வேறில்லை. விடியற்காலையிலேயே ஒரு நீண்ட இடிமழை வரிசை மிசிசிப்பியையும் அலபாமாவையும் கடந்தது. மரங்கள் சாய்ந்தன, லட்சக்கணக்கானோருக்கு மின்சாரம் போனது, எச்சரிக்கை ஒலிபரப்பும் வானிலை வானொலி நிலையங்கள் சிலவும் செயலிழந்தன. அப்புறம் பல ஊர்களில் மழை விட்டு வெயில் வந்தது. சொன்ன புயல் வந்து போய்விட்டது என்று பலர் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த வெயில்தான் தரையைச் சூடாக்கி, மாலையில் வந்த சூப்பர்செல்களுக்கு வேண்டிய சக்தியைக் கொடுத்தது. மாலை ஐந்து மணிவாக்கில் டஸ்கலூசா நகரின் நடுவே போன டொர்னாடோ அப்படியே பர்மிங்ஹாம் வரை சென்று 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அன்று ஒரே நாளில் பல மாநிலங்களில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 200-க்கும் அதிகமானோர் அலபாமாவைச் சேர்ந்தவர்கள்.

காலை மழையிலேயே மின்சாரத்தையும் வானொலியையும் இழந்த வீடுகளுக்கு, மாலையில் எச்சரிக்கை போய்ச் சேருவதே கடினமாகிவிட்டது. எனவே வாட்ச் நேரத்தில் வெயில் அடித்தால் ஆபத்து கூடுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காலை மழையில் மின்சாரம் போயிருந்தால், மாலைக்குள் போனுக்குச் சார்ஜ் ஏற்ற வழி தேடுங்கள்.

மாலை: வார்னிங்

வார்னிங் கொடுப்பது நார்மன் மையம் அல்ல. நாடெங்கும் உள்ள 122 உள்ளூர் வானிலை அலுவலகங்களில் உங்கள் பகுதிக்கு உரியது எதுவோ அது. ரேடாரில் பலமான சுழற்சி தெரிந்தாலோ, யாராவது கண்ணால் பார்த்துச் சொன்னாலோ கொடுப்பார்கள். முன்பெல்லாம் ஒரு முழு கவுண்டிக்கும் கொடுத்தார்கள். 2007 அக்டோபரிலிருந்து, புயல் போகும் பாதையை ஒட்டிப் பலகோணமாக வரைந்து அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். பொதுவாக அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் வரை நீடிக்கும். ஆனால் வார்னிங் வந்ததற்கும் டொர்னாடோ வந்து சேருவதற்கும் இடையே உங்களுக்குக் கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடம், முன்னே பின்னே. சில நேரம் அதுவும் இருக்காது.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி: 'போன வாரமும் இப்படித்தான் அலறியது, ஒன்றும் வரவில்லையே?' உண்மைதான். பத்து வார்னிங்கில் ஏறக்குறைய ஏழில் டொர்னாடோ வருவதில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை, காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ரேடாரின் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைந்திருக்கிறது. ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கதிர் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே மேகம் சுழல்வது தெரியும். அதற்குக் கீழே தரையைத் தொட்டுவிட்டதா என்பது தெரியாது. தொட்டது உறுதியான பிறகுதான் சொல்வோம் என்று அலுவலகம் காத்திருந்தால் பொய் எச்சரிக்கைகள் குறையும், ஆனால் முதலில் மாட்டும் தெருவுக்கு எச்சரிக்கையே போகாது. ஏழு முறை க்ளாஸெட்டில் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து வருவது அதற்கு நாம் கொடுக்கிற விலை. என்னைக் கேட்டால் மிகக் குறைந்த விலை.

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை, மிசௌரி மாநிலத்தில் ஜாப்ளின் என்ற ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். மாலை 5.11-க்கு முதல் சைரன் ஒலித்தது. 5.38-க்கு மீண்டும் ஒலித்தது. சில நிமிடங்களில் மிகக் கொடிய வகை டொர்னாடோ ஊருக்குள் புகுந்தது. 160 பேர் வரை இறந்தார்கள். முதல் சைரனுக்கும் டொர்னாடோவுக்கும் நடுவே அரை மணி நேரம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வானிலைத் துறை பின்னர் அங்கே போய் விசாரித்தபோது, பெரும்பாலானோர் முதல் சைரனைக் கேட்டவுடன் ஒளியவில்லை என்று தெரிந்தது. அடிக்கடி கேட்ட சைரன் என்பதால், நிஜம்தானா என்று இன்னொரு சான்று தேடியிருக்கிறார்கள். டிவியைப் போட்டுப் பார்த்தார்கள், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார்கள், தெரிந்தவர்களைக் கேட்டார்கள். எல்லோரும் செய்யக்கூடியதுதான். அதனால்தான் முடிவை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்கிறேன்: பலகோணத்துக்குள் இருக்கிறோம் என்று போன் சொன்னால் உடனே உள்ளே போக வேண்டும். மற்ற சான்றுகளை உள்ளே உட்கார்ந்து தேடலாம்.

ஜாப்ளினுக்குப் பிறகு வார்னிங் எழுதும் முறையும் மாறியது. சாதாரண வார்னிங்கில் 'ரேடாரில் சுழற்சி தெரிகிறது' என்றிருக்கும். டொர்னாடோ தரையில் இருப்பது உறுதியானால் அதை வெளிப்படையாகச் சொல்வார்கள். பெரிய டொர்னாடோ ஜனநெருக்கம் மிகுந்த ஊரை நோக்கி வருகிறது என்றால் 'டொர்னாடோ எமர்ஜென்ஸி' என்று அறிவிப்பார்கள். 1999 மே 3 அன்று ஓக்லஹோமா சிட்டி பக்கம் வந்த டொர்னாடோவுக்கு நார்மனில் உள்ள உள்ளூர் வானிலை அலுவலகத்தில் முதன்முதலாகப் பயன்படுத்திய சொல் அது. அந்தக் காற்றின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டரைத் தாண்டியதை நடமாடும் ரேடார் ஒன்று பதிவு செய்தது.

வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாமே என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது, பெரியவர்களிடம் இன்னும் அதிகம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா பால்கனியில் நின்றுகொண்டிருப்பார்.

"அம்மா, உள்ள வாங்க, வார்னிங் வந்துடுச்சு."

"இருப்பா, மழையே இப்பதான் விட்டுச்சு. காத்துகூட இல்ல பாரு."

அவர் சொல்வது சரியான கவனிப்பு, எடுத்த முடிவுதான் ஆபத்து. இந்தச் சமவெளியில் சூப்பர்செல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகரும். மழை முதலில் வரும், அப்புறம் ஆலங்கட்டி. டொர்னாடோ இறங்கும் இடம் மேகத்தின் பின்பக்கம், மழை குறைவாக இருக்கும் பகுதியில். எனவே புயலின் பாதையில் இருப்பவருக்கு மழை விட்டு, ஆலங்கட்டி ஓய்ந்து, காற்று அடங்கிய அந்த நேரம்தான் மிக மோசமான நேரமாக இருக்கக்கூடும். தெற்கு மாநிலங்களில் டொர்னாடோ பல நேரம் மழைத்திரைக்குள் மறைந்தே வரும். மரங்களும் மேடுகளும் வேறு. கண்ணுக்குத் தெரியும்வரை நின்றால் ஓட நேரம் இருக்காது. பெரியவர்களுக்கு இதை வார்னிங் நேரத்தில் விளக்க முடியாது. மதியமே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள், க்ளாஸெட்டில் அவர்களுக்கு ஒரு நாற்காலியும் போட்டு வையுங்கள். தரையில் உட்கார முடியாது என்பதாலேயே வர மறுப்பவர்கள் உண்டு.

சைரனை நம்பி இருக்க வேண்டாம்

சைரன் வெளியே இருப்பவர்களுக்காக வைக்கப்பட்டது. பூங்காவில் நடப்பவரை, வயலில் நிற்பவரை உள்ளே போகச் சொல்வது அதன் வேலை. ஏசி ஓடும், ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் தூங்குபவரை எழுப்புவது அதன் வேலை அல்ல. ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கவும் பொதுவாக அது ஒலிக்காது. இன்னொன்று: டல்லாஸில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலிலும், ஓக்லஹோமா சிட்டியில் சனிக்கிழமை நண்பகலிலும் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். வந்த புதிதில் இதைக் கேட்டு நடுங்கியவர்கள் நிறையப் பேர். வானம் தெளிவாக இருந்தால் அது சோதனைதான்.

வீட்டுக்குள் இருப்பவரை எட்ட இரண்டு வழி வேண்டும். ஒன்று போன். அமைப்புகளில் அவசர எச்சரிக்கைகள் அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நள்ளிரவில் காணாமல் போன குழந்தை அறிவிப்பு எழுப்பிவிட்டது என்று எல்லாவற்றையும் மொத்தமாக அணைத்தவர்கள் பலர். இன்னொன்று வானிலை வானொலி. பேட்டரியிலும் ஓடும் சின்னப் பெட்டி, உங்கள் கவுண்டியின் எண்ணைப் பதிந்து வைத்தால் அந்த கவுண்டிக்கு வார்னிங் வரும்போது தானாக அலறி எழுப்பும். செல்போன் கோபுரம் விழுந்தாலும் வேலை செய்யும்.

இரவுக்குத்தான் இது மிக முக்கியம். 2020 மார்ச் 3 அன்று நள்ளிரவு தாண்டி நாஷ்வில்லைத் தாக்கிய அதே புயல், கிழக்கே குக்வில் அருகே இரண்டு மணி ஆகப்போகும் வேளையில் இன்னொரு டொர்னாடோவை இறக்கியது. அங்கே மட்டும் 19 பேர் இறந்தார்கள். படுக்கும்போது போனை சைலன்ட்டில் போடும் பழக்கம் இருந்தால், வாட்ச் இருக்கும் இரவில் மட்டும் வேண்டாம்.

எங்கே ஒளிவது, எங்கே கூடாது

வீட்டுக்காரர்களுக்கு மேலே சொல்லியாகிவிட்டது. ஓக்லஹோமா பக்கம் கராஜ் தரைக்குக் கீழே இரும்புப் பெட்டியாகப் பதித்த அறைகளும், சுவரோடு போல்ட் போட்டுப் பொருத்திய பாதுகாப்பு அறைகளும் பல வீடுகளில் உண்டு. இவற்றைச் சோதிக்கும் முறை வியப்பானது. 1970-இல் லப்பக் நகரில் 26 பேரைக் கொன்ற டொர்னாடோவுக்குப் பிறகு அங்குள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் காற்றின் சேதத்தை ஆராயத் தொடங்கினார்கள். அங்கே காற்றழுத்தப் பீரங்கியால், ஏழு கிலோ எடையுள்ள மரச்சட்டம் ஒன்றை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுவரின் மீதும் கதவின் மீதும் எய்வார்கள். சாதாரண வீட்டின் செங்கல் முகப்புச் சுவரை அந்தச் சட்டம் துளைத்துவிடும். டொர்னாடோவில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இப்படிப் பறந்து வரும் பொருட்கள்தான். உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை சுவர் வைக்க முடியுமோ அத்தனை வையுங்கள் என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அபார்ட்மென்ட்டில் மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் கீழ்த்தளத்தில் உள்ள ஒரு குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். 'வார்னிங் வந்தால் உங்கள் வீட்டுக் குளியலறைக்கு வரலாமா?' என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். மொபைல் ஹோமில், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் லேசான வீட்டில் இருப்பவர்கள் மட்டும் வார்னிங்குக்குக் காத்திருக்கவே கூடாது. வாட்ச் வந்ததும் உறுதியான கட்டடத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். அமெரிக்க மக்களில் ஒரு சிறு பகுதியினரே அத்தகைய வீடுகளில் வாழ்கிறார்கள், டொர்னாடோவில் வீட்டுக்குள் இறப்பவர்களில் அவர்களின் பங்கு மிக அதிகம். கடைக்குள் மாட்டிக்கொண்டால் பெரிய கூரையின் நடுவே நிற்காமல் கழிவறைப் பக்கம் போங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்பது பழைய தவறான நம்பிக்கை. திறக்கப் போகும் நேரம் வீண்.

கார் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 26 மாலை டல்லாஸுக்குக் கிழக்கே கார்லண்ட் பகுதியில் நெடுஞ்சாலைகளைக் கடந்து போன டொர்னாடோவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வாகனங்களில் இருந்தவர்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகே 4.2 கிலோமீட்டர் அகலம் வரை விரிந்த டொர்னாடோ வந்தபோது, தப்பிக்கலாம் என்று ஒரே நேரத்தில் பலர் காரில் கிளம்பியதால் சாலைகள் அடைத்துக்கொண்டன. அந்த நெரிசல் வரை டொர்னாடோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதும் கூடாது. அந்தக் குறுகலில் காற்றின் வேகம் கூடும். 1999 மே 3 அன்று அப்படி ஒதுங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். சாலையில் இருக்கும்போது வார்னிங் வந்தால் அருகிலுள்ள உறுதியான கட்டடம் எதுவானாலும் உள்ளே போய்விடுங்கள்.

முடிந்த பிறகு

வார்னிங்கின் நேரம் முடிந்ததும், பின்னாலேயே இன்னொன்று வருகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வரலாம். ஒரே மாலையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று சூப்பர்செல்கள் ஒரே பாதையில் வருவதுண்டு. சேதம் இருந்தால் அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே போகாதீர்கள். எரிவாயு வாடை வந்தால் லைட்டைப் போடாமல், தீக்குச்சி கிழிக்காமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அந்த டொர்னாடோ எந்த வகை என்று உடனே தெரியாது. வானிலை அலுவலகத்தார் மறுநாள் நேரில் வந்து, உடைந்த கூரை, பிடுங்கிய மரம், ஆணியா போல்ட்டா எதனால் சுவர் தரையோடு பிணைக்கப்பட்டிருந்தது என்றெல்லாம் பார்த்துத்தான் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை தரம் போடுவார்கள். ஜப்பானில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய டெட்சுயா ஃபுஜிடா 1971-இல் வகுத்த முறையின் திருத்திய வடிவம் அது.

ஊரில் இருப்பவர்களுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். மாநிலத்தின் பெயர் மட்டும் செய்தியில் வரும். டெக்சாஸ் எவ்வளவு பெரியது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது, விடிய விடிய அழைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் இணைப்புகள் நெரிசலாக இருக்கும், அழைப்பு போகாது. 'நல்லா இருக்கோம், வீடும் நல்லா இருக்கு' என்று குடும்பக் குழுவில் ஒரு குறுஞ்செய்தி போட்டுவிட்டு, போனின் சார்ஜை அடுத்த வார்னிங்குக்காக மிச்சம் வையுங்கள்.